மாமனார் தலையில் கால் வைக்கும் விளையாட்டு

1

போன மாதம் ஒட்டன்சத்திரத்திலிருந்து என் சித்தி மகள் போன் செய்தாள். "என்னக்கா பண்ணிட்டு இருக்க?" என்று கேட்டாள். "மாமனார் தலைல ஏறி நின்னுட்டு இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவள் அதை அப்படியே ஊருக்குள் விட்டுவிட்டாள். அன்று மாலைக்குள் அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டார். பெரியப்பா போனை வாங்கி, "பெரியவங்க கிட்ட அனுசரிச்சுப் போகணும் சாமி, உன்னைய அப்படியா வளத்தோம்?" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் யாருக்கும் புரியவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்புகள். படித்துவிட்டு அம்மாவுக்கும் விளக்கிச் சொல்லுங்கள்.

முதலில் இடம். எங்கள் ஊரில் மொட்டை மாடியில் ஏறினால் கொடைக்கானல் மலை தெரியும். பஸ் பிடித்தால் அரை நாளில் போய்த் திரும்பலாம். அங்கே போகாமல், கடல் தாண்டி மலேசியாவுக்கு வந்து, அதே குளிரும் அதே காரட்டும் அதே முட்டைக்கோசும் இருக்கும் இன்னொரு மலையில் குடித்தனம் நடத்துகிறேன். கேமரன் மலை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பாஸ்போர்ட் கேட்கும் கொடைக்கானல் என்றுதான். எங்கள் வீடு கம்போங் ராஜாவில். பின்பக்கம் தேயிலைச் சரிவு, முன்பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். என் வீட்டுக்காரர் மாலையில் லோரியில் காய்கறி ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் போனால் மறுநாள் காலையில் வந்து தூங்குவார். நாங்கள் பேசிக்கொள்வதே அவர் கொட்டாவிகளுக்கு நடுவில்தான்.

2

மாமா, அதாவது என் மாமனார், தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தச் சரிவில் நின்று குரல் கொடுத்தால் அடுத்த சரிவில் கொழுந்து எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்களாம். அப்படிப்பட்ட மனிதர், நான் கல்யாணமாகி வந்த பதினான்கு வருடத்தில் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

கோபமெல்லாம் இல்லை. மரியாதை. மருமகளை முகம் பார்த்துப் பேசுவது அவர் வளர்ந்த லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வழக்கமில்லை. மாமனார் எதிரே நின்று வாய் திறப்பது நான் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை. இரண்டு மரியாதையும் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்ததில், வீடு ஊமைப் படமாகிவிட்டது.

மாமியார் இருந்தவரை அவர்தான் எங்கள் தபால் இலாகா. அவர் காலமான பிறகு அந்த வேலை என் மகள் தர்ஷினிக்கு வந்தது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. சேர்ந்த நாளிலிருந்தே தபாலைப் பிரித்துப் படிக்கும் தபால்காரியாக இருந்தாள். "தாத்தாவ மாத்திரை போட்டுக்கச் சொல்லு" என்று நான் சொன்னால், "தாத்தா, அம்மா ஏசுறாங்க" என்று போய்ச் சேரும். சாம்பாரில் உப்பில்லை என்று அவர் முணுமுணுத்தால், "ம்மா, தாத்தாவுக்கு சாம்பார் ரொம்பப் புடிச்சிருக்காம், உப்பு மட்டும்தான் போடலயாம்" என்று திரும்பி வரும். முக்கியமான செய்திகளுக்கு ஐஸ்கிரீம் கூலி.

நான் அதைச் சகித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வளர வளர அவள் வாயில் மலாயும் ஆங்கிலமும்தான் ஓடின; தமிழ் பேசினாலும் இந்த ஊர்க்காரர்கள் எல்லாரையும்போல வாக்கியக் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். தோழிகளோடு பேசும்போது நடுவில் ஒரு தமிழ்ச் சொல் வராதா என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். அவளுடைய தமிழ் பிழைத்திருந்தது எங்கள் தபாலால்தான். நானும் மாமாவும் பேச ஆரம்பித்துவிட்டால் அவள் தமிழ் போய்விடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன்.

3

தர்ஷினி ஆறாம் ஆண்டு முடித்ததும், ஈப்போவில் விடுதியோடு கூடிய நல்ல பள்ளி ஒன்றில் படிவம் ஒன்றுக்கு, நம் ஊர்க் கணக்கில் ஏழாம் வகுப்புக்கு, இடம் கிடைத்தது. கிடைப்பதற்கு அரிய இடம். இங்கே விடுதியை அஸ்ரமா என்பார்கள். எனக்கு முதலில் அது காவி கட்டும் இடம்போலக் கேட்டது.

சேர்க்கைப் படிவத்தில் தாயின் அடையாள அட்டை எண்ணுக்குப் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. என்னிடம் அடையாள அட்டை கிடையாது. ஆண்டுக்காண்டு கணவரைக் கையோடு அழைத்துப் போய் முத்திரை வாங்கும் விசாவும் இந்தியப் பாஸ்போர்ட்டும்தான். பாஸ்போர்ட் எண்ணை எழுதினால் நான்கு கட்டம் காலி. அலுவலகத்துப் பெண், "கட்டம் காலியாக இருக்கக் கூடாது" என்றாள். "என்னிடம் இருப்பதே இவ்வளவுதான்" என்றேன். கடைசியில் அவள் மேலதிகாரியைக் கேட்டு, மேலதிகாரி இன்னொருவரைக் கேட்டு, மிச்சக் கட்டங்களில் பூஜ்ஜியம் போடச் சொன்னார்கள். அந்தப் பள்ளியின் கணக்கில் நான் மூன்றில் ஒரு பங்கு பூஜ்ஜியம்.

இவ்வளவும் முடிந்து வீட்டுக்கு வந்தால், மகள் போகமாட்டேன் என்கிறாள்.

"நான் போய்ட்டா ஒங்க ரெண்டு பேருக்கும் யாரு போஸ்ட்மேன் வேல பாக்கறது? அப்பா லோரியில போய்டுவாரு. நீங்க மயங்கி விழுந்தாகூட தாத்தா வந்து தண்ணி வேணுமான்னு கேக்கமாட்டாரு லா. நான் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணுவாரு."

மாமா சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். நான் புடவைத் தலைப்பில் ஒரு நூலைத் தேடிக்கொண்டிருந்தேன். 

அவளே ஒரு நிபந்தனை வைத்தாள். இரவுச் சந்தையில் அவளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த வீடியோ கேம் பெட்டி ஒன்று இருந்தது. அதில் இருவர் சேர்ந்து ஆடும் ஓர் ஆட்டம். "நாலே ஸ்டேஜ்தான். ரெண்டு பேரும் சேந்து முடிச்சுக் காட்டுங்க, நான் ஈப்போ போறேன். முடிக்கலன்னா இங்கயே ஸ்கூலு. நான் நடுவுல ஒரு வார்த்த பேசமாட்டேன்."

பள்ளியில் பதிவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவளை அதட்டச் சொல்லி என் வீட்டுக்காரரை எழுப்பினேன். "அவ மாட்டேன்னா மாட்டேன்தான். ஒங்கப்பா புடிவாதம்" என்று திரும்பிப் படுத்தார். என் அப்பா பாவம், வாழ்க்கையில் ஒருமுறைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. அது யாருடைய பிடிவாதம் என்பது காலண்டர் படித்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியும்.

4

ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் டிவி கேம் கடை இருந்தது. மணிக்கணக்கில் காசு. என் தம்பி உள்ளே இருப்பான், நான் வாசலில் நிற்பேன், பெண்பிள்ளைகள் உள்ளே போவதில்லை என்பதால். அந்தக் கருவியைக் கையில் பிடிக்க எனக்கு நாற்பது வயதாகவேண்டியிருந்தது.

"இது பழைய கேமா?" என்று தர்ஷினியைக் கேட்டேன்.

"இல்லம்மா, புதுசு. பழசு மாதிரி செஞ்சிருக்காங்க."

"எதுக்கு?"

"அப்பதான் நல்லாருக்கும்."

சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன், அது மாமா; பச்சைச் சட்டைக்காரன் ஒருவன், அது நான். கோலத்துக்கு வைத்த புள்ளிகளைக் கூட்டினாற்போல இருவருக்கும் முகம். காடு, குகை, பனிமலை, கடைசியில் ஒரு தொழிற்சாலை. குதிக்க ஒரு பொத்தான், அடிக்க ஒரு பொத்தான். கதை கிடையாது. யார் யாருக்கு என்ன துரோகம் செய்தார்கள் என்று இருநூறு எபிசோட் காத்திருக்கவேண்டியதில்லை. ஒருவன் பின்தங்கினால் திரை நகராது. உயிர்கள் இருவருக்கும் பொது. ஒருவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் மற்றவன் வந்து சேராமல் கதவு திறக்காது. முழுசாக ஆடினாலும் அரை மணி நேரம்தான். செத்தால் முதலிலிருந்து.

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆனால் புலம்பெயர்ந்தவளுக்கு அதன் அருமை வேறு. இந்த நாட்டில் நான் தொடங்கிய எந்தக் காரியத்துக்கும் சீக்கிரம் முடிவு தெரிந்ததில்லை. நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பம் போட்டு, "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலை வருடக்கணக்காக வாங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த ஆட்டமோ, நீ தோற்றுவிட்டாய் என்று உடனே முகத்துக்கு நேரே சொல்கிறது. சொன்ன கையோடு மறுபடியும் ஆடு என்கிறது. எந்தக் கவுண்டரிலும் எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

5

முதல் கஷ்டம் உட்கார்வதில். மாமா நாற்காலியில், நான் தரையில், அதுதான் முறை. ஆனால் அந்தப் பெட்டியின் வயர் இரண்டும் முழ நீளம்தான். நாற்காலியை இழுத்துப் பார்த்தார், எட்டவில்லை. கடைசியில் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒரு முக்காலி போட்டு என் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தார். இருவரும் எதிர் எதிர்த் திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அப்படி ஆடினால் இரண்டு பேரும் முதல் பள்ளத்திலேயே விழுவோம் என்பது உடனே தெரிந்தது.

காட்டை நான்கு நாளில் தாண்டினோம். குகையில்தான் வந்தது வினை. அங்கே ஒரு மேட்டில் ஏற வேறு வழியில்லை, ஒருவன் தலையில் இன்னொருவன் ஏறி நின்று குதிக்கவேண்டும்.

எனக்கு விஷயம் புரிவதற்குள் பச்சை குதித்து, சிவப்பின் தலையில் போய் நின்றுவிட்டது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. கை தானாகக் கருவியைக் கீழே வைத்தது, முக்காலிப் பக்கம் குனிந்து, தரையைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டது. கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிறோம் இல்லையா, அதே கும்பிடுதான். நான் கும்பிட்டு முடிப்பதற்குள் பச்சை பள்ளத்தில் கிடந்தது.

மறுபடி ஏறினேன். மறுபடி கும்பிட்டேன். மறுபடி செத்தோம்.

மாமா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "சரி, செவப்பு மேல ஏறட்டும்." பச்சை குனிந்து நின்றது. சிவப்பு குதிக்கவே இல்லை.  "பொம்பளப் புள்ள தலையில கால வைக்கறதா? வேணாம் லா, பாவம்" என்று கருவியை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றிருந்த தர்ஷினி தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு புரண்டு புரண்டு சிரித்தாள்.

குகையிலேயே மூன்று நாள் கிடந்தோம். மனிதர்கள் உலகமெங்கும் ஆடும் ஆட்டத்தில், மரியாதையால் செத்தவர்கள் நாங்கள் இருவராகத்தான் இருப்போம்.

வழி கண்டுபிடித்தது மாமா. "நான் கண்ண மூடிக்கறேன். பாக்காதது பாவமில்ல. பச்சைய ஏறச் சொல்லு" என்று டிவியைப் பார்த்து அறிவித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். நானும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தேன். கும்பிடுகளை அப்போதைக்கப்போது போடாமல் சேர்த்து வைத்து, கட்டம் முடிந்ததும் மொத்தமாக ஒரு பெரிய கும்பிடு. இப்படித்தான் குகையைத் தாண்டினோம். சித்தி மகள் போன் செய்தது அந்த நேரத்தில்தான்.

6

இதற்குள் எங்களுக்கு ஒரு பேச்சு வழக்கு உண்டாகிவிட்டிருந்தது. அவர் என்னிடம் பேசவில்லை, பச்சையிடம் பேசினார். நான் அவரிடம் பேசவில்லை, சிவப்பிடம் பேசினேன்.

"பச்ச, இடது பக்கம் தேனீ வருது, குனி, குனி!" பழைய கங்காணிக் குரல். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"சிவப்பு, நீங்க கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க."

"பொம்மைக்குக்கூட நீங்களா?" என்று தர்ஷினி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. ஒரு மாலை நான் அடுப்படியில் இருக்கும்போது ஹாலிலிருந்து குரல் வந்தது: "பச்ச தேத்தண்ணி கலக்குனா செவப்பும் குடிக்கும்." நான் கொண்டுபோய் வைத்துவிட்டு, "சிவப்புக்கு மாத்திரை நேரம்" என்று டிவியிடம் சொன்னேன். டிவி அணைந்துதான் இருந்தது. ஆனாலும் மாத்திரை உள்ளே போனது. ஊரில் யாராவது பார்த்திருந்தால் எங்கள் இருவரையும் கோயிலுக்கு அழைத்துப் போய் மந்திரித்திருப்பார்கள்.

தர்ஷினி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஈப்போவுக்கு வாங்கி வைத்த வாளியும் துணி மாட்டும் கம்பிகளும் சமையலறை மூலையில் பிரிக்காமல் கிடந்தன.

7

கடைசிக் கட்டத்தில் ஓர் இரும்பு நண்டு. ஒருவன் முன்னால் நின்று அதன் கவனத்தை இழுக்க, மற்றவன் பின்னால் போய் முதுகில் அடிக்கவேண்டும். சுற்றிலும் நெருப்பு. கொஞ்ச நாளில் அதன் பழக்கவழக்கங்கள் எல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிட்டன. ஆனாலும், இன்னும் ஓர் அடிதான் பாக்கி என்கிற நேரத்தில் எப்படியோ செத்துவிடுவோம். ஒரு நாள் என் கை வழுக்கும். மறுநாள் அவர் விரல் மரத்துப்போகும். பதிவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று பிற்பகல், நல்ல மழை. தர்ஷினி முட்டை வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நண்டு களைத்து நின்றது. நான் முன்னால் நின்று அதன் இரண்டு கொடுக்கையும் என் பக்கம் இழுத்து வைத்திருக்கிறேன். பின்னால் சிவப்பு. ஓர் அடி போதும். சிவப்பு அடிக்கவில்லை. நிதானமாகத் திரும்பியது, மாலை நடை போகிறவரைப்போல நான்கு எட்டு வைத்தது, நெருப்புக்குள் இறங்கிவிட்டது.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"மாமா! வேணும்னேதான விழுந்தீங்க?"

டிவியிடம் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது.

அவரும் திரும்பி என்னைப் பார்த்தார். முதல்முறையாக. "நேத்து நீ விழலியா? நண்டு சும்மா நின்னுக்கிட்டு இருக்கு, நீ பாட்டுக்குப் போயி குதிச்ச."

"கை வழுக்கிருச்சு மாமா."

"பதினாலு வருசமா இந்த வீட்டுல ஒரு தம்ளரக் கீழ போட்டதில்ல நீ. ஒனக்குக் கை வழுக்குதா?"

நான் தம்ளரைக் கீழே போட்டதில்லை என்பது எனக்கே தெரியாது. அவர் கவனித்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆமாம், வேண்டுமென்றேதான் விழுந்தேன். அவளுடைய கட்டில் காலியாகக் கிடப்பதை நினைத்தால் விரல் பொத்தானை அழுத்தமாட்டேன் என்கிறது.

மாமா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவ போய்ட்டா வீடு என்னத்துக்கு ஆவும்?" என்றார்.

"அவ படிக்கணுமே மாமா."

"அது எனக்குத் தெரியாதா?"  கருவியைக் கையில் எடுத்தார். "சரி, எடு. இந்த வாட்டி ஒழுங்கா ஆடு."

காட்டிலிருந்து ஆரம்பித்தோம். யாரும் கண்ணை மூடவில்லை, யாரும் கும்பிடவில்லை. அவர் தலையில் ஏறினேன், குதித்தேன், கை நீட்டும் இடத்தில் அவர் நின்றார். நண்டு நாங்கள் நினைத்ததைவிடச் சுலபமாகச் செத்தது.

8

வெற்றி இசை தொடங்கவும், தர்ஷினி குடையோடு வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. திரையில் சிவப்பும் பச்சையும் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வாணவேடிக்கை வேறு. நாங்கள் இருவரும் பெருமையோடு அவளைப் பார்த்தோம்.

அவள் முட்டைப் பையைக் கீழே போட்டாள். "யாரு ஒங்கள ஜெயிக்கச் சொன்னது?" என்று கத்திவிட்டு அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "நீங்க ரெண்டு பேரும் சேந்து எதையும் செய்யவே மாட்டீங்கன்னுதான அப்படி சொன்னேன்! எனக்கு அஸ்ரமா வேணாம். அங்க எனக்கு யாரையும் தெரியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகாமலிருக்க அவள் கண்டுபிடித்த வழி அது. அவளும் விழத்தான் பார்த்திருக்கிறாள். அவள் அழ, நான் அழ, மாமா துண்டை எடுக்க, உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "யாரு? ஊர்லேருந்து போன் வந்துச்சா? யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து அழுதால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நண்டுதான் செத்தது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

தர்ஷினி எழுந்து மாமாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "தாத்தா, நீங்க சொல்லுங்க. நான் இங்கயே இருக்கேன் லா."

இந்த வீட்டில் முடிவு சொல்வது எப்போதும் மாமாதான். லோரி வாங்கியது, கூரை மாற்றியது, என்னைப் பெண் பார்க்க வந்தது, எல்லாம் அவர் சொல்தான். அவர் பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். போகவேண்டாம் என்று சொல்லத்தான் அவருக்கு ஆசை, அது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீ பெத்தவ. அனுப்பலாமா வேணாமா? நீ சொல்லு."

என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு தன் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் என்ன சமைக்கலாம் என்பதற்கு மேல் இந்த வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. தர்ஷினி ஈரக் கண்ணோடு என்னைப் பார்த்தாள். அம்மா என் பக்கம்தான் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. வேண்டாம், என் கண்ணெதிரிலேயே இரு என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. சொல்லியிருந்தால் நான்கு பேருக்கும் சந்தோஷம்.

"போகட்டும் மாமா" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். குனிந்து பேத்தியின் முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டார்.

"கேட்டுச்சில்ல?" என்றார் அவளிடம். "அம்மா சொல்லிட்டா. போய் வாளிய எடுத்து வை."